திறமை விளையாட்டு என்ற பட்டம் போக்கர் ஆடுபவரைக் காப்பாற்றாது

2025 ஓகஸ்ட் மாதத்தில் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் சூதாட்டம் பற்றி இரு வேறு முடிவுகள் எடுக்கப்பட்டன. ரம்மி, போக்கர் உட்படப் பணம் கட்டி ஆடும் ஒன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் இந்தியப் பாராளுமன்றம் தடைசெய்தது. நமது இலங்கைப் பாராளுமன்றமோ சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை அமைப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் கொழும்பு கொம்பனித்தெருப் பக்கத்தில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோவும் திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் எனது நண்பர் வட்டத்தில் போக்கர் பற்றிய பேச்சு ஓய்ந்தபாடில்லை. ஆனால் அது எப்படித் தொடங்கினாலும், இது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்குக்காக ஒன்லைனிலும் கொழும்புக் கசினோக்களிலும் இந்த விளையாட்டை ஆடிவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வி நம்மைப் பிழையான பக்கம் இழுத்துச் செல்கிறது என்று கருதுகிறேன். என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரரின் பணத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் கெட்டித்தனமன்று. ஆட்டத்தை நடத்துபவர் எடுக்கும் கழிவும், ஆட்டம் ஓடும் வேகமும், நமது பணம் யாருடைய கையில் இருக்கிறது என்பதுமே.

முதலில் ஒரு விளக்கம். எங்கள் வீடுகளில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடாதவர்கள் குறைவு. கேள்வி கேட்பதும், துரும்பைக் கவிழ்த்து வைப்பதும், வெளியே போன சீட்டுகளை நினைவில் வைத்துக் கணக்குப் போடுவதும் நமக்குச் சிறுவயதிலேயே பழக்கம். இருந்தும் போக்கர் என்றவுடன் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மாமா ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்து, "தம்பி, நீ கசினோவுக்கெல்லாம் போறியாம், உண்மையோ?" என்று கேட்டபோது, ரூலட்டுக்கும் போக்கருக்கும் உள்ள வேறுபாட்டைச் சோறு ஆறும்வரை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ரூலட், பக்கரா, பிளாக்ஜாக் ஆகியவற்றில் நமக்கு எதிரே ஆடுவது கசினோ. கணக்கு நிரந்தரமாக அதன் பக்கம் சாய்ந்திருக்கும். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடுகிறார்கள். கசினோ மேசையையும், சீட்டுப் போடும் டீலரையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பொட்டிலிருந்தும், அதாவது ஒரு சுற்றில் எல்லோரும் வைத்த பணம் சேர்ந்த தொகையிலிருந்தும், ஒரு கழிவை எடுத்துக்கொள்கிறது. அதற்குத்தான் ரேக் என்று பெயர்.

திறமை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகளாகவே கொண்டு, தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றைத் தடைசெய்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எனினும் அந்தத் திறமை எப்போது பலன் தரும் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. போக்கரில் பெரிதும் ஆடப்படும் வகையான ஹோல்டெம் ஆட்டத்தில் கையில் கிடைக்கும் இரண்டு சீட்டுகளும் ஏஸ் ஆக அமைவது 221 தடவைக்கு ஒரு தடவை. அப்படி அமைந்து, எதிராளி இரண்டு கிங்குடன் முழுப் பணத்தையும் வைத்துவிட்டார் என்றால், நாம் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 82. இதைவிட நல்ல நிலை இந்த விளையாட்டில் அரிது. ஆனால் இதே நிலை ஐந்து முறை வாய்த்தால், ஐந்திலும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 37 மட்டுமே. எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவர் மாதக் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கலாம். தவறாக ஆடுபவர் அதே காலம் முழுவதும் தன்னை மேதையென நம்பிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், சிறு தொகை கட்டி ஒன்லைன் போட்டியொன்றில் தகுதிபெற்று, 2003இல் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் மற்ற 838 பேரை முந்தி 25 இலட்சம் டொலர் வென்றார். மூன்றே ஆண்டுகளில் அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை 8,773 ஆனது. அவர் வென்றதை உலகமே பார்த்தது. அந்த ஆசையில் மேசைக்கு வந்த மற்றவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி ரேக்குக்கு வருகிறேன், ஏனெனில் நான் சொல்ல வந்ததே அதுதான். பொட் ஒன்று முடியும் தறுவாயில் டீலர் அதிலிருந்து, பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளான சிப்களில் ஓரிரண்டைத் தன் பக்கம் இழுத்து, மேசை விளிம்பில் உள்ள துவாரத்தின்மேல் வைத்துவிட்டு, சீட்டுகளைத் திரட்டும்போது விரலால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விழுத்துவார். அத்தனை பேரின் கண்ணும் அப்போது வென்றவரின் பக்கம் இருக்கும். அந்தச் சிறு ஓசையைக் கேட்கப் பழகிக்கொண்டவர் எவரும் இந்த விளையாட்டை முன்போல் பார்க்கமாட்டார். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் தலைக்கு 50,000 ரூபாவுடன் அமர்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 25 சுற்று ஓடுகிறது. ஒவ்வொரு பொட்டிலிருந்தும் சராசரியாக 500 ரூபா போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் மேசையை விட்டுப் போவது 12,500 ரூபா. ஆறு மணித்தியாலத்தில் 75,000 ரூபா, அதாவது ஒன்றரை ஆளின் முழுப் பணம். எட்டுப் பேரும் சம திறமை உள்ளவர்களானால், நீண்டகாலத்தில் எட்டுப் பேருமே தோற்றுத்தான் எழும்புவார்கள். மற்றவர்களைவிட மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,560 ரூபா அளவுக்குச் சிறப்பாக ஆடுபவருக்கே கொண்டுவந்த பணம் அப்படியே மிஞ்சும். வென்ற பொட்டிலிருந்து டீலருக்குக் கொடுக்கும் அன்பளிப்பை இதில் நான் சேர்க்கவில்லை. அது கொடுக்கப்பட வேண்டியது, விடியும்வரை நின்று உழைக்கும் பிள்ளைகள் அவர்கள்.

இந்தக் கணக்கின்மேல்தான் நுழைவு வரி வந்து ஏறுகிறது. இலங்கைப் பிரஜைகள் கசினோவுக்குள் நுழைவதற்கான வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்துவதற்கு அரசாங்கம் 2025இல் முடிவெடுத்தது. நூறு டொலர் என்பது ஏறத்தாழ 30,000 ரூபா. நமது மக்களை, குறிப்பாகக் குடும்பஸ்தர்களை, சூதாட்டத்திலிருந்து விலக்கி வைப்பதுதான் நோக்கம் என்றால் அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வரி யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். ஒரே இரவில் பல இலட்சம் இழக்கக்கூடியவருக்கு அது ஒரு தடையே அல்ல. 50,000 ரூபாவுடன் நான்கைந்து மணித்தியாலம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போக நினைப்பவருக்கோ, உட்காரும் முன்பே பாதிக்கு மேல் போய்விடுகிறது. போனதை மீட்கப் பெரிய மேசைக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தை அதுவே விதைக்கிறது. அப்படிப் பெரிய மேசைக்குப் போகாதவர்கள் விளையாட்டை விட்டுவிடுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அடுக்குமாடி வீடுகளில் திரை போட்ட அறைக்குள் ஆடுகிறார்கள். இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் ஆடுகிறார்கள்.

கைத்தொலைபேசியை நான் அஞ்சுவதற்குக் காரணங்கள் உண்டு. முதற்காரணம் வேகம். கசினோ மேசையில் இரண்டு ஏஸ் கிடைப்பதற்கு, மேற்சொன்ன கணக்குப்படி, சராசரியாக ஒன்பது மணித்தியாலம் அளவில் காத்திருக்க வேண்டும். ஒன்லைனில் நான்கு மேசைகளைத் திறந்து வைத்து, மேசைக்கு 70 சுற்று வீதம் ஆடினால், ஒரு மணித்தியாலத்துக்குள் அது கிடைத்துவிடும். பொறுமையாக இருப்பதே போக்கரின் முதற்பாடம். அந்தப் பாடத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ரேக் வீதம் குறைவு என்று விளம்பரம் செய்வார்கள், உண்மைதான். ஆனால் பத்து மடங்குக்கு மேற்பட்ட பொட்டுகளிலிருந்து அது எடுக்கப்படுகிறது. சம்பளம் வந்த இரவிலேயே அந்தச் சம்பளம் முடிந்துபோவதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். கசினோவில் அதே தொகை கரைவதற்குள் விடிந்திருக்கும், மனிதருக்குக் களைப்பும் வந்திருக்கும், வீட்டிலிருந்து யாராவது அழைப்பும் எடுத்திருப்பார்கள்.

இரண்டாவது, எதிரே இருப்பவர் யார் என்பது. கசினோவில் ஓரிரவு எனக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் அமர்ந்திருந்தார். நான் தமிழன் என்று அறிந்ததும் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. மேசையில் திறக்கப்படும் கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் விழுந்து, மறுமுனையில் இருந்தவர் பெருந்தொகை வைத்தபோது, அவர் என் பக்கம் சாய்ந்து, "என்னங்க, இவரு சும்மா மிரட்டுறாருதானே?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. டீலர் பெண் உடனே உள்ளங்கையை மேசைமீது வைத்து ஆட்டத்தை நிறுத்தி, சுற்று முடியும்வரை ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று பணிவாகச் சொன்னார். வியாபாரி முகம் சிவந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவரிடம் களவு எண்ணம் எள்ளளவும் இல்லை. ஆனாலும் விதி விதிதான். இருவர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரை ஏமாற்றாமல் காக்கும் விதி அது, அதை எல்லோர் முன்னிலையிலும் நடைமுறைப்படுத்த ஓர் ஆள் அங்கே இருந்தார். ஒன்லைனில் இருவர் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சீட்டைச் சொன்னால் அதை யார் கேட்பது?

மனிதர்தானா என்பதே இப்போது கேள்வி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு, 2019இல் ஆறு பேர் ஆடும் ஹோல்டெமில் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. உகந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருட்கள் இன்று கடைச் சரக்கு. பயிற்சிக்காக விற்கப்படுவதை ஆட்டத்தின் நடுவே திறந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. அப்சல்யூட் போக்கர், அல்ட்டிமேட்பெட் ஆகிய தளங்களில் உள்ளிருந்தவர்களே மற்றவர்களின் மூடிய சீட்டுகளைப் பார்த்து ஆடியது 2007, 2008இல் வெளியானது. அந்த மோசடியை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் அதிகாரிகள் அல்லர். தங்கள் ஆட்டப் பதிவுகளை வரிவரியாக அலசிய சாதாரண ஆட்டக்காரர்கள். எந்த மனிதனும் இவ்வளவு சரியாக ஆட முடியாது என்பதை அவர்கள் எண்களைக் கொண்டே நிறுவினார்கள். அந்த உழைப்பை எண்ணும்போது இன்றும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

மூன்றாவது பணம். 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் பெரிய ஒன்லைன் போக்கர் தளங்கள்மீது தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, ஃபுல் டில்ட் தளத்தில் ஆட்டக்காரர்களின் வைப்புப் பணம் தனியாக வைக்கப்படவே இல்லை என்பது அம்பலமானது. திரையில் மீதி என்று காட்டப்பட்ட தொகையில் பெரும்பகுதி வங்கியில் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனம் அதனை வாங்கிக் கடனை ஏற்றிராவிட்டால் உலகெங்கும் பலர் வெறுங்கையுடன் நின்றிருப்பார்கள்.

நம் ஊரில் நிலைமை இதைவிடக் கீழானது. இங்கே பலர் ஆடுவது கிளப் முறையில் இயங்கும் செயலிகளில். செயலியைப் பொறுத்தவரை அது விளையாட்டுச் சிப் மட்டுமே, பணம் என்ற பேச்சே அதில் இல்லை. பணத்தை வாங்குவதும் கொடுப்பதும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முகவர். அவருடைய வங்கிக் கணக்குக்கு ரூபாவைப் போட்டால் சிப் வரும். வென்ற சிப்பைத் திருப்பிக் கொடுத்தால் ரூபா வரும், அவர் மனம் வைத்தால். என் நண்பர் ஒருவர் வாரக் கணக்கில் நிதானமாக ஆடிச் சேர்த்த தொகையைக் கேட்டபோது, "நாளைக்குப் போட்டுவிடுறன் அண்ணா" என்ற பதில் வந்தது. மறுநாளும் அதே பதில். பின்னர் அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பொலிசுக்குப் போகத் தயங்கினார், மனைவிக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் வேறு. அவர் நன்றாக ஆடினார், நேர்மையாக வென்றார். திறமை விளையாட்டு என்று எந்த நீதிமன்றம் சொல்லியிருந்தாலும் அவருடைய பணம் திரும்பி வந்திருக்காது.

புதிய அதிகார சபையின் வரம்புக்குள் ஒன்லைன் சூதாட்டமும் கொழும்புத் துறைமுக நகரும் சேர்க்கப்பட்டிருப்பதால் இப்போது கேட்காமல் வேறெப்போது கேட்பது? ஒவ்வொரு போக்கர் மேசையிலும் கழிவு எத்தனை வீதம், உச்ச அளவு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எடுக்கப்படும் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும். உரிமம் பெறும் ஒன்லைன் தளம் ஆட்டக்காரரின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்; ஆட்டப் பதிவுகளை அவர் கேட்டவுடன் கொடுக்க வேண்டும். ஒருவர் தன்னைத்தானே தடைசெய்யுமாறு எழுதிக் கொடுத்தால், அந்தத் தடை ஒரு கசினோவுக்கு மட்டுமல்லாமல் தீவிலுள்ள அத்தனை கசினோவுக்கும் தளத்துக்கும் செல்ல வேண்டும். குடும்பத்தைக் காப்பதற்கு நூறு டொலர் வரியைவிட இந்த ஒன்று பல மடங்கு உதவும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

முகவர்களிடம் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்களானால், வங்கிப் பரிமாற்றச் சீட்டுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள். திகதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். முறைப்பாடு செய்ய எண்ணுபவர்கள் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். நண்பருடைய முறைப்பாட்டை எழுதத் தொடங்கியிருக்கிறோம், உங்களுடையதையும் சேர்த்து ஒன்றாகவே அதிகார சபைக்கு அனுப்பலாம்.