சாவி யாரிடம் இருக்கும்?

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்தலாம் என்று ஆர்வமாக யார் வந்தாலும், நான் முதலில் கேட்பது இதைத்தான்: சாவி யாரிடம் இருக்கும்?

பட்டுத் தெளிந்த கேள்வி. நாங்கள் ஆரம்பித்த இரண்டாவது வாரமே வகுப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த ஊழியர் வழக்கம்போல வேலை முடிந்து கிளம்பிவிட்டார். அவரிடம் யாருமே சொல்லவில்லை. 18 பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் 40 நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் வந்தது 11 பேர். பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகச் சரி என்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்தது நாங்கள்தான்.

இப்போது ஒரு பக்கத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறோம். யார் திறப்பது, யார் பூட்டுவது, பெருக்குவது யார், பிள்ளைக்கு அடிபட்டால் யாருக்குப் போன், கூட்டிப்போக ஆள் வராவிட்டால் யார் காத்திருப்பது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

அப்புறம் பணம், விளம்பரம் எல்லாம். அதைப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள்.

பள்ளி விட்ட பிறகு நடத்தும் வகுப்புகள் என்றாலே எல்லோரும் ஐஸ்லாந்தைக் காட்டுவார்கள். முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறிய 15, 16 வயதுப் பிள்ளைகள் அங்கே 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது உண்மை. ஆனால் பெற்றோரும் கூடிப் பேசி, இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றுவதற்கு நேரக் கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடித்தார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. நோட்டீஸில் போட அழகாக இல்லை போல.

இன்னொன்று, பிள்ளைகளைக் கேளுங்கள். நாங்கள் கணினி வகுப்பு என்று பெரிதாகத் திட்டம் போட்டு வைத்திருந்தோம். அவர்கள் கேட்டது சைக்கிள் பழுது பார்க்க. எங்களில் ஒருவருக்கும் செயின் மாட்டக்கூடத் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். வாரம் இரண்டு நாள், அதே கிழமை, அதே ஆள். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்துக் கத்துகிறார்கள் பாருங்கள், அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். வராமல் நின்றுபோன பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்ததே அதைக் கேட்டுத்தான்.

சாவி ஊழியர் இப்போது ஆறு மணிக்குத்தான் பூட்டுகிறார். கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டு. அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது.