இட்லி வேகிற நேரம் போதும்

பிள்ளைகள் தலையெடுக்கும்வரை பெற்றோருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று கிடையாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளைகளோடு சேர்ந்தே பழகக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அது பறவை பார்த்தல்.

காலையில் இட்லி வேகிற நேரம்தான் எங்களுக்குக் கிடைப்பது. மாடிக்குப் போனால் முருங்கைப் பூவில் தேன்சிட்டு, கேபிள் கம்பியில் கரிச்சான். போன கோடையில் எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு கூடு கட்டியது. இலை விளிம்பில் அலகால் துளை போட்டு, பஞ்சு இழையை உள்ளே விட்டு இழுத்து, நிஜமாகவே தைக்கிறது! குஞ்சு பறக்கும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது என்று மகளே தம்பிக்குச் சட்டம் போட்டாள். தொட்டதற்கெல்லாம் ஃபோன் கேட்கும் பிள்ளை அவள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கூடவே ஒரு தகவல். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். காகமும் மைனாவும் மட்டும் என்றாலும் பதியலாம். சாதாரணப் பறவைகள் குறைகிறதா, கூடுகிறதா என்பது இப்படித்தான் தெரியவரும்.

பைனாகுலருக்கு அவசரப்பட வேண்டாம். வாங்கினால் 8 மடங்கு பெரிதாக்குவதே பிள்ளைகளுக்குச் சரி. 12 மடங்கு என்றால் கை ஆட்டத்தில் பறவை பார்வையில் நிற்காது.