ரமணிசந்திரன்னா சிரிப்பு வருதா?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண். புத்தகத் திருவிழா மேடை. "உனக்குப் பிடிச்ச எழுத்தாளர் யாரும்மா?" என்று கேட்கிறார்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் "ரமணிசந்திரன்" என்கிறாள். குடும்பக் காதல் நாவல்களுக்குப் பேர்போனவர். மேடையில் இருந்த எழுத்தாளர் சிரிக்கிறார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, அதெல்லாம் படிச்சு முடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று வேறு சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அவள் மைக்கைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிடுகிறாள். அவன் "சுஜாதா" என்கிறான். அதற்கும் கைதட்டல்.

பதினாறு வயதில் ஒருத்திக்கு ஒரு எழுத்தாளரைப் பிடித்திருக்கிறது. அதற்கு அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு நிறுத்த முடியவில்லை.

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் அம்மாவின் கார்டுக்கு நான்தான் புத்தகம் எடுத்து வருவேன். "ரமணிசந்திரன் இருந்தா எடு, இல்லேன்னா லக்ஷ்மி" என்பதுதான் அம்மாவின் உத்தரவு. அந்தப் புத்தகங்களுக்கு அட்டை கிழிந்து, காக்கி பேப்பரில் வேறு அட்டை ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தில் பென்சிலில் யாரோ "கதை சூப்பர், தைரியமாகப் படிக்கலாம்" என்று எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில் "நான் யார் என்று தெரிய வேண்டுமா? பக்கம் 47". நாற்பத்தேழுக்குப் போனால் "பக்கம் 112". அங்கே போனால் "போய் வேலையைப் பார்". கடைசிப் பக்கத்தை எவளாவது கிழித்துக்கொண்டு போயிருப்பாள். முடிவை நானும் அம்மாவும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்வோம். எப்படியும் கல்யாணத்தில்தானே முடியும், அதில் என்ன சந்தேகம் என்பீர்கள். தெரியும். தெரிந்துதான் படித்தோம்.

ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து மாட்டிக்கொண்டேன். டீச்சர் பிடுங்கி வைத்திருந்தால் சரி. அவர் அந்தப் பக்கத்தை வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கிற இடத்தை, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். பையன்கள் அந்த வருஷம் முடிகிறவரை என்னை நாயகியின் பெயரில்தான் கூப்பிட்டார்கள். எனக்குப் பின் பெஞ்சில் ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவலோடு மாட்டியவனுக்குக் காதில் ஒரு திருகு, அவ்வளவுதான். விவேக்கும் ரூபலாவும் கொலைகாரனைத் தேடினால் அது விறுவிறுப்பு. நாங்கள் படித்தால் மட்டும் வயசுக் கோளாறு.

"அப்போ நல்ல இலக்கியமே வேண்டாமா மேடம்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேண்டும். ஒரு நாள் நூலகர் ஐயா, "ரமணிசந்திரன் எல்லாம் வெளியே போயிருக்கும்மா, இந்தா, இதுவும் லேடீஸ் எழுதினதுதான்" என்று ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைக் கையில் திணித்தார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளின் கதை. கையைப் பிடிக்க யாரும் வரவில்லை, உப்புப் பாத்தியில் கால் வெந்து கிடக்கிற சனம்தான். படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. 1973-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவரிடம் என்னைக் கொண்டு சேர்த்தது எந்தப் பரிந்துரைப் பட்டியலும் இல்லை. ரமணிசந்திரன் கிடைக்காமல் போனதுதான்.

உடனே "பார்த்தீர்களா, அது படிக்கட்டு, ஏறி வந்துவிட வேண்டும்" என்று பெருந்தன்மையாக ஒரு கூட்டம் வரும். எனக்கு அவர்கள்மேல்தான் இன்னும் கோபம். என் அம்மா ஏறவே இல்லை. கடைசிவரை ரமணிசந்திரன்தான். மதியம் பாத்திரம் எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து காலை நீட்டிப் படிக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. அப்பாவுக்கேகூட அப்போது காபி கிடையாது. அந்த வீட்டில் அவளுக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். அதைப் போய்ப் படிக்கட்டு என்றால் எப்படி?

"அந்தக் கதைகளில் ஆணாதிக்கம் இருக்கிறதே?" இருக்கிறது. பணக்கார நாயகன், முறைப்பு, சந்தேகம், கடைசியில் மன்னிக்கிற நாயகி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வருகிற வசந்த் பெண்களைப் பார்த்து அடிக்கிற ஜோக்குகளைப் பற்றி இதே வாயால் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? எனக்கும் சுஜாதாவைப் பிடிக்கும், அவர் வரிக்கு எழுந்து நிற்பேன். என் கேள்வி அவரைப் பற்றியது இல்லை, உங்கள் தராசைப் பற்றியது.

ஆண்களுக்கு அந்த வயதில் பிடித்ததெல்லாம் பொக்கிஷம். 1972-இல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைப் பற்றி ஐம்பது வயசு ஆசாமி கண் கலங்கிப் பதிவு போட்டால் லைக் பறக்கிறது, பழைய இதழ் ஒன்றைத் தேடி ஊர் ஊராக அலைந்தால் அது ரசனை. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடித்துத் துப்பு துலக்கியதும் இனிய நினைவு. 2008-இல் நம் சென்னையிலிருந்தே ஒரு பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டபோது அதில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் கூடவே ரமணிசந்திரனும் இருந்தார். ஆங்கிலத்தில் வந்ததும் அதே ஆசாமிகள் அதை ஷெல்ஃபில் முன்வரிசையில் வைத்தார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை போலிருக்கிறது.

"அவர் வேடிக்கைக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிசாக்குகிறீர்கள்?" இதற்கு எனக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. வேடிக்கை யாரை வைத்து என்று வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள்.

மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடத்தி, பஸ் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, மேடையேற்றி இப்படி அனுப்பினால் அவள் அடுத்த தடவை வாயைத் திறப்பாளா? திறந்தாலும் உங்களுக்குப் பிடித்த பெயரைத்தான் சொல்வாள். படிக்காமலேயே. அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டையோ ஸ்கூலையோ தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், இங்கே கமெண்டில் அவள் விவரம் எதையும் போட வேண்டாம். அம்மா சேர்த்து வைத்த ரமணிசந்திரன் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது, கூரியர் செலவு என்னுடையது. கூடவே 'கரிப்பு மணிகள்' ஒன்றும் வைக்கிறேன், பிடித்தால் படிக்கட்டும், பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுக்கட்டும். மேடையில் சிரித்தவருக்கும் ஒன்று அனுப்பலாம் என்றுதான் பார்த்தேன். திருப்பித் தர மாட்டார் என்று என் தோழி சொல்கிறாள்.