1973க்கு முன்னும் பட்டம் இருந்தது

கார் பந்தயமான உலக ராலி சாம்பியன்ஷிப் 1973இல் தொடங்கியது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடக் கதையை அப்படியே விட்டுவிட்டீர்களே! 1970 முதல் 72 வரை கார் தயாரிப்பாளர்களுக்கென்றே சர்வதேசப் பட்டம் ஒன்று இருந்தது. முதலில் போர்ஷே, அடுத்து ஆல்பைன், அப்புறம் லான்சியா என்று ஆண்டுக்கு ஒருவர் கொண்டுபோனார்கள்.

எனக்கு ஆல்பைன் ஏ110 மேல்தான் கண். ஃபைபர் கிளாஸ் உடம்பு, பின்னால் இன்ஜின், நெஞ்சளவு உயரம்கூட வராத குட்டி வண்டி. 73 மான்டி கார்லோ ராலியில் முதல் மூன்று இடமும் அதற்கே. அந்த ஆண்டின் உலகத் தயாரிப்பாளர் பட்டமும் ஆல்பைனுக்கே.

ஓட்டியவர்கள் பாவம். அவர்களுக்கென்று உலக சாம்பியன் பட்டம் 1979இல்தான் வந்தது, முதலில் வாங்கியவர் பியோர்ன் வால்டேகார்ட். 1970 மான்டி கார்லோவை போர்ஷே 911இல் ஜெயித்தவரும் அவரேதான்.