ஆதிக் கருந்துளை கதையில எல்லா வேலையையும் கிராவிட்டியே செய்யணுமா?

ஆதிக் கருந்துளைன்னா எல்லாரும் சொல்றது ஒரே கதைதான். நட்சத்திரம்னு ஒண்ணு பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி, பிக் பேங் முடிஞ்சு ஒரு செகண்ட் கூட ஆகாத நேரத்துல, எங்கயோ ஒரு இடத்துல அடர்த்தி எக்கச்சக்கமா இருந்துச்சு, அது தன் எடை தாங்காம சரிஞ்சு கருந்துளை ஆயிடுச்சு. 1960கள்ல செல்டோவிச், நோவிகோவ்னு ரெண்டு இயற்பியலாளர்கள் ஆரம்பிச்சது, 1971ல ஹாக்கிங், அப்புறம் பெர்னார்ட் கார்னு வளர்ந்த ஐடியா. தப்புன்னு சொல்ல வரல, ஆனா எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு.

அந்த எக்கச்சக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? காஸ்மிக் மைக்ரோவேவ் பின்னணியில, அதாவது பிக் பேங்லேர்ந்து மிச்சம் இருக்கற பழைய ஒளியில, நாம பாக்கற ஏற்ற இறக்கம் லட்சத்துல ஒரு பங்கு. கருந்துளை ஆகணும்னா அந்த இடம் சராசரிய விட கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதல் அடர்த்தியா இருக்கணும். அதுக்காக இன்ஃப்ளேஷன் (பிரபஞ்சம் ஆரம்பத்துல படு வேகமா விரிஞ்ச கட்டம்) சமயத்துல சின்ன தூரங்கள்ல மட்டும் அந்த ஏற்ற இறக்கம் திடீர்னு எகிறிச்சுன்னு மாடல் போடறாங்க, அந்த எகிறல் துளி குறைஞ்சா ஒரு கருந்துளையும் தேறாது, துளி கூடினா எங்க பாத்தாலும் கருந்துளை. விடைய பாத்துட்டு கணக்கு போடற மாதிரி இல்ல?

2021ல ஃப்ளோரஸ், குசென்கோ ரெண்டு பேரும் வேற வழி சொன்னாங்க. ஆரம்பத்துல ஒரு கனமான துகள் இருந்துச்சு, அதுங்களுக்குள்ள கிராவிட்டிய விட பலமான ஒரு இழுவிசை, அத சுமக்கறது ரொம்ப லேசான ஒரு ஸ்கேலார் துகள் (சுழல், அதாவது ஸ்பின், இல்லாத துகள்). சாதாரணமா அந்தக் காலத்துல ரேடியேஷன்தான் ராஜா, கிராவிட்டி மட்டும் இருந்தா திரட்சி பெருசா வளராது. இந்த விசை இருந்தா துகளுங்க சீக்கிரமே கும்பல் கும்பலா சேர்ந்துரும்.

சேர்ந்தா போதுமா, போதாது. டார்க் மேட்டர் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால மட்டும் தெரிய வர்ற பொருள்) கூட கேலக்ஸிய சுத்தி சேர்ந்துதான் இருக்கு, கருந்துளையாவா ஆச்சு? எனர்ஜிய வெளிய விட வழியில்லாம அப்படியே சுத்திக்கிட்டு கிடக்கு. இந்த தியரில எனக்குப் புடிச்ச இடமே இதுதான்: இழுக்கற அதே விசைதான் குளிர வைக்கவும் செய்யுது. எலக்ட்ரான வேகம் மாத்தினா ஒளி வெளிய போற மாதிரி இந்தத் துகளுங்க சுத்தும்போது ஸ்கேலார் அலைய வெளிய விடும், எனர்ஜியும் போகும், சுழற்சியும் போகும், கும்பல் சுருங்கிக்கிட்டே போய் கடைசில கருந்துளை. இன்ஃப்ளேஷன்ல அந்த தனி எகிறலுக்கு அவசியமே இல்ல.

சும்மா கிடைக்கல இது, யாரும் பாக்காத ரெண்டு துகள நம்பணும். ஆனா நம்ப சொல்றது என்னன்னு நேரடியா மேசை மேல வைக்கறாங்க, அந்த வகையில நான் இவங்க பக்கம். (இன்னும் பல வழி இருக்கு, அத இன்னொரு நாள் பாப்போம்.)

இதெல்லாம் எதுக்குன்னா, 10^17லேர்ந்து 10^22 கிராம் வரைக்கும், அதாவது ஒரு அஸ்டிராய்டு எடையில இருக்கற கருந்துளைங்க மட்டுமே மொத்த டார்க் மேட்டரா இருக்க இன்னும் வாய்ப்பு இருக்கு. இதுல 10^20 கிராம் கருந்துளை சைஸ்ல ஒரு அணு அளவுதான்! சுபாரு டெலஸ்கோப் 2014ல ஒரே ராத்திரி ஆண்ட்ரோமெடாவ பாத்து, ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கருந்துளை குறுக்க போனதா இருக்கலாம்னு ஒரே ஒரு சந்தேக சிக்னல் புடிச்சுச்சு.

பழைய கதை நிஜம்னா அந்த எகிறலே கிராவிட்டி அலையையும் கிளப்பியிருக்கணும், இந்த எடைக்கு அது லீசா (விண்வெளியிலேர்ந்து கிராவிட்டி அலைய கேக்கப் போற கருவி) கேக்கற அலைவரிசையிலேயே விழும். 2030கள்ல லீசா மேல போய் அந்த சத்தமே இல்லன்னு சொல்லிட்டா, எகிறல் கட்சிக்காரங்க என்ன பதில் சொல்றாங்கன்னு கேக்க ஆசையா இருக்கு.