ஹூஸ்டனில் கொடுத்தது இலவச வீடா?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அரசே வீடு கட்டி, வீடில்லாமல் தெருவில் இருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. பெரும்பாலும் தனியார் அடுக்ககங்களில் காலியாகக் கிடந்த வீடுகளைத்தான் வாடகைக்குப் பிடித்தார்கள். கூட்டாட்சி (மத்திய) அரசின் வாடகை உதவித் திட்டத்தில், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் குடியேறுபவரே. அவர் பங்கு பொதுவாக, கழிவுகள் போக வரும் வருமானத்தில் 30%. மீதியைத் திட்டம் கட்டும். வருமானமே இல்லாதவருக்குப் பங்கு பூஜ்யமாகலாம், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். வீட்டுக்காரர் தயங்குவது சேதத்துக்குப் பயந்துதான். அதனால் இரண்டு மாத வாடகை வரை அட்வான்ஸும், காலி செய்யும்போது சேதத்துக்கு ஒரு மாத வாடகை வரையும் திட்டப் பணத்தில் கொடுக்க விதி இடம் தருகிறது. சரிபார்க்க: அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பு, தலைப்பு 24, பிரிவு 578.77 (வாடகைப் பங்கு), 578.51 (அட்வான்ஸ், சேதம்). இணையத்தில் யாரும் படிக்கலாம்.