தமிழ் வகுப்பில் கிரியோல் பேசியதற்கு எனக்குக் குறைந்த மதிப்பெண்

போன மாதம், இங்கே மொரிஷியசில் என் கற்பித்தல் பயிற்சியின் மூன்றாவது வாரம். வகுப்பைப் பார்க்க வந்திருந்த மேற்பார்வையாளர் மணி அடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் தமிழ் ஆசிரியையா, கிரியோல் ஆசிரியையா?" என்று கேட்டார். கிரியோல் என்பது பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவின் பேச்சுமொழி. கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே சந்தேகம் வந்தவர் மாதிரி கேட்டார். மதிப்பீட்டுத் தாளில் மொழிப் பயன்பாடு என்ற கட்டத்தில் மட்டும் மதிப்பெண் தரைக்குப் போய்விட்டது. பள்ளியின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நாலு நாள் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மொரிஷியசுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே தொடக்கப் பள்ளியில் தமிழ் ஒரு விருப்பப் பாடம். தமிழ், இந்தி, தெலுங்கு, மராத்தி, உருது என்று இருக்கிற மொழிகளில் ஒன்றைப் பெற்றோர் எடுத்துக்கொள்ளலாம், 2012 முதல் கிரியோலையும் எடுக்கலாம். அந்தப் பாடவேளை வந்ததும் வகுப்பு கலைந்து அவரவர் மொழிக்குப் போய்விடும். என்னிடம் வந்தவர்கள் ஏழு பேர். எங்களுக்குக் கிடைத்தது பந்துகளும் பழைய பெஞ்சுகளும் போட்டு வைத்திருந்த ஓர் அறை, அதில் பாதி நேரம் பந்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்க்க வைப்பதுதான் என் வேலை.

ஏழு பேர் வீட்டிலும் யாரும் தமிழ் பேசுவதில்லை. வீட்டில் கிரியோல், பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் பிரெஞ்சு. ஒரு பெண்ணின் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, மட்டும் கொஞ்சம் தெரியுமாம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். கோவிலில் தேவாரத்தை ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துப் பாடினேன், எட்டு வயதில் ஒரு பதிகம் முழுக்க மனப்பாடம். அர்த்தம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? பாடம் காய்கறிகள். படம் ஒட்டிய அட்டைகளைக் காட்டி "இது முருங்கைக்காய்" என்றேன். ஏழு பேரும் மௌனம். மறுபடி சொன்னேன். பின்வரிசைப் பையன் கையைத் தூக்கி, "மிஸ், மோ பா கொம்பிரான்" என்றான், எனக்குப் புரியவில்லை என்று. நான் கிரியோலுக்கு மாறி, உங்கள் வீட்டில் முரும் சமைப்பார்களா என்று கேட்டேன். அவ்வளவுதான், அறை கலகலவென்று ஆகிவிட்டது. ஆயா முரும் கீரை வைப்பாள், அம்மா பருப்போடு போடுவாள், எனக்குப் பிடிக்காது, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கரும்பலகையில் முரும் என்று எழுதி, பக்கத்தில் முருங்கை என்று எழுதினேன். அந்தப் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோமா என்று கேட்டான். கிரியோலில்தான் கேட்டான்.

அப்புறம் அது நிற்கவில்லை. கறிபூலே என்பது கறிவேப்பிலை. ரசோன் என்பது ரசம். ரோஸ்ஹில் சந்தையில் குவித்து வைத்திருக்கும் பிபெங்காய் நம் பீர்க்கங்காய். முலுக்தானி என்றால் மிளகுத்தண்ணீர். இந்தச் சொற்களைத் தமிழர்கள் மட்டும் பேசவில்லை, இந்தத் தீவில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் கறிபூலே என்றுதான் கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார்களும் தச்சர்களும், பிறகு 1834க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் கொண்டுவந்த சொற்கள். வாக்கியம் போய்விட்டது, சாப்பாட்டுப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பயிற்சி வகுப்பில் முதல் வாரமே நமக்குச் சொல்லித்தருவது என்ன? பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதானே. தேர்வில் அதை எழுதினால் முழு மதிப்பெண். வகுப்பில் செய்தால் "நீங்கள் எந்த மொழி ஆசிரியை?"

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆகிவிடுவேன். அந்தப் பாடத்தை நான் என் போனில் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கலாம் என்று கேட்டேன். 40 நிமிடத்தில் நான் தமிழில் பேசிய முழு வாக்கியங்கள் 11. அதில் நாலு, "அமைதியாக இருங்கள்". பிள்ளைகள் சிரித்தார்கள், உற்சாகமாக இருந்தார்கள், எனக்கும் பிரமாதமாகப் பாடம் எடுத்த மாதிரி இருந்தது, ஆனால் அவர்கள் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான். அவருக்கு அது கேட்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை.

அதற்காக அவர் வழிக்கு நான் போகவும் முடியாது. உயிர் 12, மெய் 18, பிறகு உயிர்மெய் வரிசை என்று வருடக்கணக்கில் எழுத்தையே எழுத வைத்தால், பிள்ளை ஞகர வரிசையை அழகாக எழுதும், தாகம் எடுத்தால் தமிழில் தண்ணீர் கேட்காது. நான் அப்படித்தான் படித்தேன். முதல் தடவை சென்னைக்குப் போனபோது ஓர் ஆட்டோக்காரரிடம் "ஐயா, நான் கோவிலுக்குச் செல்ல விரும்புகிறேன்" என்றேன். அவர் வண்டியை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்தக் கோவிலுக்கும்மா போவணும்?" என்றார். அந்தப் "போவணும்" எனக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. தமிழில் பட்டம் வாங்கப் படித்துக்கொண்டிருந்தவள் நான்! வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்தும் இலக்கணமும் போதும். கேட்டே வளராத பிள்ளைக்கு முதலில் காதுக்குத் தமிழ் வேண்டும், அதுவும் பேசுகிற தமிழ். நம் பாடங்கள் இன்னும் முதல் வகைப் பிள்ளையை நினைத்துத்தான் போகின்றன, அந்தப் பிள்ளை இந்தத் தீவில் இல்லை.

அப்பா இதைக் கேட்டுவிட்டு 1998 கதையை ஆரம்பித்தார். அந்த வருடம் வந்த புது ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், நம்மவர்கள் கொதித்துப்போய்ப் போராடினார்கள், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி சரியாக அச்சடித்தார்கள். அப்பாவுக்கு இன்றும் அதில் பெருமை, எனக்கும்தான். ஆனால் "அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் அப்பா" என்று 100 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைத் தேடப் போனார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த நோட்டை அடுத்த பாடத்துக்கு எடுத்துவைத்திருக்கிறேன். அதில் படமாக இருக்கிறவர் சுதந்திரத்துக்கு முந்தைய அரசியல் தலைவர் ரெங்கநாதென் சீனிவாசென், பெயரைத் தமிழில் எழுதினால் ரங்கநாதன் சீனிவாசன். பதிவேட்டில் பிரெஞ்சு மாதிரி எழுதப்பட்டு வாலில் ஓர் "என்" ஒட்டிக்கொண்ட பெயர்கள் நம் எல்லா வீட்டிலும் உண்டு. ஏழு பேரும் முதலில் அவர் பெயரை, பிறகு தங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும்.

இந்த முறை எனக்கு நானே போட்டுக்கொண்ட கணக்கு இது: கிரியோல் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, அதுவும் பாடத்தின் தொடக்கத்தில் மட்டும். "இங்க வா", "இது என்ன?", "எனக்கு வேணும்", "எனக்கு வேண்டாம்" நாலும் தினமும் காதில் விழ வேண்டும், பேச்சுத் தமிழிலேயே. அதற்கும் மதிப்பெண் குறையுமா தெரியாது, புதன்கிழமை அதே மேற்பார்வையாளர்தான் வருகிறார். ஆயா வீட்டு முருங்கை மரத்தில் ஒரு கிளை ஒடித்துக் கொண்டுபோகிறேன். உங்கள் வீட்டுச் சமையலறையில் முரும் மாதிரி வேறு சொற்கள் இருந்தால் செவ்வாய் இரவுக்குள் சொல்லுங்கள், அட்டை எழுத எனக்கு நேரம் வேண்டும்.